கனடா பிஆருக்கு ஆஃபர் லெட்டர்: 50 பாயின்ட் போச்சு, மிச்சம் என்ன?

பக்கத்து வீட்டுத் தம்பி போனை நீட்டினான். “அண்ணா, கனடா ஆஃபர் லெட்டர் வந்துடுச்சு. இதுக்கு 50 பாயின்ட் கூடுமாம், ஏஜென்ட் சொன்னாரு.” பெரிதாக்கிப் பார்த்தேன். உணவக மேற்பார்வையாளர் வேலை, வாரம் 25 மணி நேரம், ஆறு மாத ஒப்பந்தம். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இவனோ பி.இ. மெக்கானிக்கல், ஒரு தொழிற்சாலையில் நாலு வருடமாகப் பராமரிப்புப் பொறியாளர்.

முதலில் அந்த 50 பாயின்ட் கதை. பிஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியபோது, வேலை உத்தரவாதம் இருந்தால் சிஆர்எஸ் எனப்படும் தரவரிசையில் 1200-க்கு 600 கொடுத்தார்கள். 2016 நவம்பரில் அதை 50 ஆகக் குறைத்தார்கள், உயர் நிர்வாகப் பதவிகளுக்கு மட்டும் 200. 2025 மார்ச் 25 முதல் அதுவும் இல்லை. காரணம் எல்எம்ஐஏ வியாபாரம்.

“இந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை” என்று கனடா முதலாளி அந்நாட்டு அரசிடம் வாங்கும் ஒப்புதல்தான் எல்எம்ஐஏ. வேலை பர்மிட்டுக்காக இதைக் கேட்கும்போது ஓர் இடத்துக்கு 1000 கனடா டாலர் கட்டணம். அதைக் கட்டவேண்டியது முதலாளி, தொழிலாளியிடமிருந்து வசூலிக்கக்கூடாது. நடந்தது தலைகீழ். 50 பாயின்ட்டுக்காகப் பல்லாயிரம் டாலர் கொடுத்து இதை வாங்கினார்கள். பாயின்ட்டையே எடுத்துவிட்டால் சந்தை படுத்துவிடும் என்று அரசு கணக்குப் போட்டது. அந்தச் செய்தி இங்குள்ள சில ஏஜென்ட்டுகளின் காதில் மட்டும் இன்னும் விழவில்லை!

சரி, அப்படியானால் ஆஃபர் லெட்டர் வெறும் காகிதமா? இல்லை. வேறு சில இடங்களில் அதற்கு இன்னும் மதிப்பு உண்டு.

தரவரிசைக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் படித்த, அனுபவமுள்ளவர்களுக்கான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் நுழைய 100-க்கு 67 எடுக்கவேண்டும். இங்கே முறையான வேலை உத்தரவாதத்துக்கு 10, அதோடு ஒட்டிய இன்னொரு 5, ஆக 15 கிடைக்கும். தம்பியின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். வயது 31, அதற்கு 12. இளநிலைப் பட்டத்துக்கு 21. நாலு வருட அனுபவத்துக்கு 13. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் நாலு பகுதியிலும் 6, அதற்கு 16. மொத்தம் 62. ஐந்து குறைகிறது.

அந்த ஐந்துக்குக் கடிதத்தைத்தான் நம்பவேண்டும் என்றில்லை. ஆங்கிலத்தில் சிஎல்பி எனப்படும் கனடா மொழித்திறன் அளவுகோலில் 9 தொட்டால், அதாவது கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால், 16 என்பது 24 ஆகும், மொத்தம் 70. அதுவும் வேண்டாம், கூட வரும் மனைவி தேர்வு எழுதி சிஎல்பி 4 எடுத்தாலே 5 பாயின்ட், 67 வந்துவிடும். ஆனால் 67 வாசலைத் தாண்ட மட்டும்தான். அழைப்பு வருவது சிஆர்எஸ் தரவரிசைப்படி, அங்கேயும் ஆங்கிலத்துக்குத்தான் எடை அதிகம். கடிதத்துக்குக் கொட்டும் காசை கோச்சிங்கில் போடு என்று நான் சொல்வது இதனால்தான்.

எலக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர் போன்றவர்களுக்கு நிலைமை வேறு. ஸ்கில்டு டிரேட்ஸ் பிரிவில் ஓராண்டு முழுநேர வேலை உத்தரவாதம் வேண்டும், அல்லது கனடா மாகாணம் ஒன்றின் தொழில் தகுதிச் சான்றிதழ் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாமல் முடியாது. அப்புறம் மாகாண நாமினேஷன், அதாவது ஒரு மாகாண அரசே உங்களை பிஆருக்குப் பரிந்துரைப்பது. அது கிடைத்தால் சிஆர்எஸ்-இல் இன்றும் 600 கூடும், அதில் பல பிரிவுகள் வேலை உத்தரவாதத்தைத்தான் கேட்கின்றன. நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், பிரின்ஸ் எட்வர்ட் தீவு, நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோர் ஆகிய நாலு மாகாணங்களுக்கான அட்லாண்டிக் திட்டத்தில், மாகாணம் அங்கீகரித்த முதலாளி வேலை கொடுத்தால் எல்எம்ஐஏ-வே தேவையில்லை.

ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் கடிதம் செல்லுபடியாக, வாரம் குறைந்தது 30 மணி நேரம், பருவகால வேலையாக இல்லாமல், பிஆர் கிடைத்தபின் ஓராண்டாவது தொடரும் வேலையாக இருக்கவேண்டும். கனடாவின் தொழில் வகைப்பாட்டில் படிப்பு, பயிற்சித் தேவையைக் காட்டும் டீர் என்ற நிலை 0 முதல் 3-க்குள் வரவேண்டும். சம்பளம், பொறுப்புகள், வேலை நேரம் எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து முதன்முறை போகிறவருக்குப் பெரும்பாலும் எல்எம்ஐஏ-வும் வேண்டும். தம்பியின் கடிதம் முதல் நிபந்தனையான மணி நேரத்திலேயே அடிபட்டது.

வேலை தேட கனடா அரசின் ஜாப் பேங்க் தளமே போதும், இலவசம். இந்தியாவில் ஆள்சேர்ப்பு ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கவேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. விண்ணப்பத்தைக் காசு வாங்கிக்கொண்டு கையாளும் கன்சல்டன்ட், கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிந்தவராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்நாட்டு வழக்கறிஞராக. பொய்க் கடிதம் கொடுத்து மாட்டினால் ஐந்து வருடத் தடை, அது ஏஜென்ட்டுக்கு இல்லை, விண்ணப்பித்தவருக்கு.

ஏஜென்ட்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்று தம்பி சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவன் மனைவி பக்கத்தில் நின்று, “நாலு போதும்னா நான் எழுதிடுவேன்” என்று தேர்வுத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.