கவுன்சில் டாக்ஸ் ஏறட்டும் என்று ஏன் சொல்கிறேன்

மார்ச் மாதம் வந்தால் எங்கள் ஆலோசனை மேசைக்கு முன்னால் எல்லார் கையிலும் ஒரே கடிதம்தான் இருக்கும், புது வருடத்துக் கவுன்சில் டாக்ஸ் பில், அதாவது வீட்டுக்காக உள்ளூராட்சிக்கு (கவுன்சிலுக்கு) கட்டும் வரி. லண்டனில் கடன், பெனிபிட் (அரசு உதவித்தொகை) விஷயங்களில் ஆலோசனை சொல்வது என் வேலை. இந்த வரியைக் கட்ட முடியாதவர்களோடுதான் என் நாள் போகிறது. அப்படிப்பட்ட நான் வரி உயர்வு வேண்டும் என்று சொன்னால் பலருக்கும் கோபம் வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மார்ச்சில் வந்த ஒரு அம்மா, வயது எழுபதைத் தாண்டியவர், பில்லை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, காசைக் கூட்டிப்போட்டாங்கள். ஆனா இவருக்கு உதவிக்கு வாற பிள்ளை இப்ப காலையில மட்டுந்தான் வருது, மத்தியானம் நிப்பாட்டிப்போட்டாங்கள். அப்ப எங்கட காசு எங்க போகுது?" அவருடைய கணவருக்கு டிமென்ஷியா, மறதி நோய்.

காசு எங்கே போகிறது என்றால், முதலில் அது வராமல் போனது. 2010க்குப் பிறகு மத்திய அரசு இங்கிலாந்துக் கவுன்சில்களுக்குக் கொடுக்கும் பணத்தை வெட்டிக்கொண்டே வந்தது. 2017-18 வரையான காலத்தில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய பாதி போய்விட்டது, 49 சதவீதம் என்று தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்னது. அதே காலத்தில் முதியவர்கள் கூடினார்கள், பராமரிப்புச் செலவும் ஏறியது. முதியோர் பராமரிப்பும் பிள்ளைகள் பாதுகாப்பும் சட்டப்படி செய்தே ஆகவேண்டியவை, அதனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும் பகுதியை அவையே எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில்தான் இளைஞர் கிளப், நூலகம் திறந்திருக்கும் நேரம், எங்களைப் போன்ற ஆலோசனைச் சேவை எல்லாம். முதலில் கத்தி விழுந்தது அங்கே. பிறகு பராமரிப்பிலேயே மணிநேரம் குறைய ஆரம்பித்தது.

இதில் பலர் மறந்துபோன ஒரு விஷயம் உண்டு. 2011-12 முதல் ஐந்து வருடங்கள், வரியைக் கூட்டாத கவுன்சில்களுக்கு அரசு ஒரு மானியம் கொடுத்தது. நிறையக் கவுன்சில்கள் அதை வாங்கிக்கொண்டு பில்லை அப்படியே வைத்திருந்தன, நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் வருடத்துக்கு 2 சதவீதம் கூட்டியிருந்தால் அந்த ஐந்து வருடத்தில் 100 பவுண்டு 110 பவுண்டு ஆகியிருக்கும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு உயர்வும் அந்த 110 மேலேதான் கணக்காகும். அன்றைக்கு விட்ட பத்துப் பவுண்டு அன்றோடு முடியவில்லை, இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் இல்லாமல்தான் இருக்கிறது.

பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு தெற்கு லண்டனின் குரொய்டன் கவுன்சில் போதும். தவறான முதலீடுகளால் ஏறிய கடனும் சேர்ந்து, 2020இல் 114ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்தார்கள், அதாவது கட்டாயச் சேவைகளுக்கு மேல் புதிதாக ஒன்றுக்கும் செலவழிக்க முடியாது என்ற நிலை. 2023இல் ஒரே தடவையில் 14.99 சதவீத உயர்வு. சேவையும் வெட்டு, பில்லும் ஏற்றம், இரண்டும் ஒரே வீட்டின் மேல். ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாமில் 2025இல் 8.99 சதவீதம். பெரும்பாலான இடங்களில் இப்போது ஒரு வருடத்தில் கூட்டக்கூடிய எல்லை 5 சதவீதம், அதில் 2 முதியோர், ஊனமுற்றோர் போன்ற வயதுவந்தோர் பராமரிப்புக்கென்றே ஒதுக்கியது. அதைத் தாண்ட வேண்டுமானால் அரசு விசேட அனுமதி தரவேண்டும், இல்லாவிட்டால் மக்களிடம் வாக்கெடுப்பு வைக்கவேண்டும். அப்படி நடந்த ஒரே வாக்கெடுப்பு 2015இல் பெட்ஃபோர்ட்ஷயரில், பொலிஸுக்கான பங்கை 15.8 சதவீதம் கூட்டுவதற்காக. மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

5 சதவீதம் என்றால் எவ்வளவு? வீடுகளை மதிப்பின்படி ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நடுவிலுள்ள டி பிரிவு வீட்டின் சராசரி வருட வரி 2024-25இல் 2,171 பவுண்டு, அடுத்த வருடம் 2,280. வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு பவுண்டு கூட. அந்த இரண்டு பவுண்டு சிலருக்குப் பெரிய காசு என்பது எனக்குத் தெரியும். இந்த வரியும் நியாயமான வரி இல்லை. வீட்டின் 1991ஆம் ஆண்டு மதிப்பை வைத்து இன்னும் கணக்குப் போடுகிறார்கள், உச்சப் பிரிவான எச் வீடு அடிமட்ட ஏ வீட்டைப் போல மூன்று மடங்குதான் கட்டுகிறது. வட இங்கிலாந்தின் ஹல் மாதிரி ஏ பிரிவு வீடுகளே அதிகமுள்ள ஊருக்கு அதே 5 சதவீதத்தில் கிடைப்பது கொஞ்சம்தான். இதெல்லாம் மாறவேண்டும், மத்திய அரசும் தன் பங்கைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் இந்த வருடம் அந்த மத்தியான வருகையைக் காப்பாற்ற கவுன்சில் கையில் இருப்பது இந்த வரி ஒன்றுதான். உயர்வு கூடாது என்று மனுவில் கையெழுத்துப் போடுபவர்களில் பலருக்கு அந்த வருகை இல்லாத ஒரு மதியம் எப்படிப் போகும் என்று தெரியாது.

சரி, கட்ட முடியாதவர்கள்? அங்கேதான் நம் ஆட்கள் நிறைய இழக்கிறார்கள்.

அந்த அம்மாவின் பில்லைப் பார்த்தேன். கணவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், அதாவது பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை, வருகிறது. டிமென்ஷியா கடுமையாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் வரிக் கணக்கில் அவரைச் சேர்க்கமாட்டார்கள், வீட்டில் ஒருவர் மட்டுமே என்று எடுத்து 25 சதவீதம் குறைப்பார்கள். இதை அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. விண்ணப்பித்தோம், முந்தைய வருடங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. 5 கூடியது, 25 குறைந்தது. அதே மாதிரி தாயும் முழுநேரப் பல்கலைக்கழக மாணவனான மகனும் மட்டும் இருக்கும் வீட்டுக்கும் 25 சதவீதத் தள்ளுபடி உண்டு, மகனைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். "ரெண்டு பேர் இருக்கிறம், கிடைக்காது" என்று நினைத்து வருடக்கணக்காக முழுப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வருமானம் குறைந்தவர்களுக்குத் தனியாக வரிக் குறைப்புத் திட்டம் இருக்கிறது. ஓய்வூதிய வயதுக்காரருக்கு விதி நாடு முழுக்க ஒன்றே, முழுப் பில்லும் நீங்கலாம். வேலை செய்யும் வயதினருக்கு 2013 முதல் ஒவ்வொரு கவுன்சிலும் தன் விதியைத் தானே போடுகிறது, சில இடங்களில் ஒன்றுமில்லாதவரும் ஒரு பங்கு கட்டியே ஆகவேண்டும். என் சண்டை அங்கேதான். உயர்த்துங்கள், ஆனால் அந்தத் திட்டத்தில் கை வைக்காதீர்கள்.

இதைச் சொல்ல இடம் உண்டு. வரவுசெலவு வரைவைப் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வெளியிட்டுக் கருத்துக் கேட்பார்கள், மார்ச் 11க்குள் முடிவெடுக்கவேண்டும். தமிழர் அதிகமுள்ள ஊர்களிலும் அந்தக் கருத்துப் படிவத்தை நிரப்பும் தமிழர் மிகக் குறைவு. ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் பிள்ளைகளை நிரப்பச் சொல்லுங்கள், இரண்டு வரி போதும். அப்புறம், பில்லைக் கட்ட முடியாது என்று தெரிந்தால் ஒரு மாதத் தவணை தவறும் முன்பே கவுன்சிலோடு பேசுங்கள். நினைவூட்டல் வந்து ஏழு நாளில் கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாளில் மிச்ச வருடப் பணம் முழுவதையும் கேட்பார்கள், அதற்குப் பிறகு கோர்ட், பெய்லிஃப் (கடனை வசூலிக்க வீட்டுக்கு வருபவர்). பத்துத் தவணையைப் பன்னிரண்டாக்கித் தரச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்களிடம் ஆலோசனைக்கு வரும்போது பில், பெனிபிட் கடிதம், டாக்டர் கடிதம் மூன்றையும் எடுத்து வாருங்கள்.