ஐநெட்டி: பேயல்ல, துறைக்காவலன்

யூனிக்ஸ் கணினிகளில் பின்னணியில் ஓடும் ஒரு டீமன்தான் (தானே இயங்கும் சேவை நிரல்) ஐநெட்டி (inetd). 1986-இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் இடம்பெற்றது. எஃப்டிபி (கோப்பு அனுப்புவது), டெல்நெட் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது) போன்ற சேவைகளை நாள் முழுக்க ஓடவிட்டு நினைவகத்தை அடைப்பதற்குப் பதில், அவற்றுக்குரிய 21, 23 ஆகிய 'போர்ட்' (இணைப்பு வந்துசேரும் இடம்) எண்களில் இது ஒன்றே காத்திருக்கும். அழைப்பு வந்ததும் உரிய நிரலை எழுப்பி, இணைப்பை அதன் கையில் கொடுத்துவிடும்.

பெயரின் கடைசி 'டி' டீமனைக் குறிக்கிறது. டீமனைப் 'பேய்' என்று எழுதுவது தவறு. 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மேக் என்ற கணினி ஆய்வுத் திட்டத்தார், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த உருவத்தை நினைத்தே அப்படிப் பெயரிட்டார்கள். மூலக்கூறுகளை ஓயாமல் பார்த்துப் பார்த்துப் பிரித்து அனுப்பும் உருவம் அது. அதற்கும் மூலமான கிரேக்க 'டைமோன்', மனிதருக்கும் தெய்வத்துக்கும் இடைப்பட்ட ஆவி. குமரி மாவட்டத்தில் இதை விளக்கவே வேண்டாம். சுடலைமாடனைப் பேய் என்று யார் சொல்வார்? காவல் தெய்வம் என்றுதானே வில்லுப்பாட்டு வைத்துக் கொடை நடத்துகிறோம்!

'போர்ட்' என்பதற்குத் 'துறை' பொருந்தும். சின்னத்துறை, பூத்துறை, இரயுமன்துறை என்று கடலோர ஊர்ப்பெயர்களிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஆகவே ஐநெட்டிக்குத் 'துறைக்காவலன்' என்பது நல்ல தமிழ். அது எழுப்பும் நிரல்களை 'ஏவலர்' எனலாம். ஏவல் என்றால் இங்கே பில்லி சூனியமும் நினைவுக்கு வரும். ஆனால் 'ஏவலாள்' என்ற பழகிய சொல் பக்கத்திலேயே இருப்பதால் குழப்பம் வராது.

ஐநெட்டியின் அமைவுக் கோப்பில் சேவைக்கு ஒரு வரி. சேவையின் பெயர், சாக்கெட் (நிரல் பிணையத்தோடு பேசும் முனை) வகை, நெறிமுறை, 'வெயிட்' அல்லது 'நோவெயிட்', பயனர், நிரலின் பாதை, கடைசியில் அளவுருக்கள். அளவுருக்கள் நிரலின் பெயரிலேயே தொடங்க வேண்டும். பலர் அதை விட்டுவிடுவதால், முதல் அளவுருவையே நிரல் தன் பெயராக எடுத்துக்கொள்ளும்.

அதிகம் சறுக்குவது நான்காம் இடத்தில். இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு பேசும் நெறிமுறையான டிசிபி-யில் 'நோவெயிட்' என்றால் காவலனே இணைப்பை ஏற்று ஏவலனிடம் தரும்; அங்கே 'வெயிட்' எழுதினால் காத்திருக்கும் சாக்கெட்டே போய்ச்சேரும், ஏற்ற இணைப்பை எதிர்பார்த்த ஏவலன் திணறும். இணைப்பில்லாமல் தனித்தனிப் பொட்டலங்களாகத் தரவை அனுப்பும் யுடிபி-யில் 'நோவெயிட்' எழுதினால் நிலைமை இன்னும் மோசம். ஏவலன் பொட்டலத்தைப் படித்து முடிக்குமுன் துறையில் அது இன்னும் கிடப்பதைக் காவலன் காணும். அடுத்த ஏவலனை எழுப்பும், அதற்கடுத்ததையும் எழுப்பும். ஒரு நிமிடத்தில் வரம்பு (பழைய பதிப்புகளில் 40, பின்வந்தவற்றில் 256) தாண்டினால், சுழல்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தத் துறையை 10 நிமிடம் மூடிவிடும். கோப்பைத் திருத்திய பின் காவலனுக்கு 'ஹேங்கப்' (SIGHUP) சிக்னல் அனுப்பினால்தான் புதிய வரியைப் படிக்கும்.