எல்.சி. ஸ்மித் இரட்டைக்குழல்: தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும் தாழ்

மடக்கித் தோட்டா போடும் இரட்டைக்குழல் துப்பாக்கிக்குப் பெரிய எதிரி தளர்ச்சி. மருந்து வெடித்ததும் வாயு ரவையை முன்னே தள்ளுகிறது. அதே அழுத்தம் தோட்டாவின் அடியைப் பின்புற இரும்புச் சுவரில் மோதவைக்கிறது. இந்த மோதல் கீலுக்கு மேலே விழுவதால், சுவர் மயிரிழை அளவு பின்னுக்குச் சாய்ந்து, குழலுக்கும் அதற்கும் நடுவே மேற்பக்கத்தில் இடைவெளி விடப் பார்க்கும். ஆயிரக்கணக்கான முறை சுட்ட பிறகு கீல் முளையும் தாழும் தேய்ந்து குழல் ஆடத் தொடங்கும்.

இதற்கு நல்ல விடை கண்ட இடம் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரம். அங்கே டபிள்யூ. எச். பேக்கர் 1870களில் வேட்டைத் துப்பாக்கிகள் செய்துவந்தார். மேலே இரண்டு ரவைக்குழல்களும் கீழே ஒரு ரைஃபிள் குழலுமாக அவர் செய்த முக்குழல் துப்பாக்கி பெயர்பெற்றது. முன் டிரிகரை முன்னோக்கித் தள்ளினால் அது திறக்கும். அந்தத் தொழிலில் பணம் போட்ட லைமன் கார்னீலியஸ் ஸ்மித், பின்னர் அதைத் தன் பெயரிலேயே நடத்தினார். பேக்கர் விலகிப்போய், 1883-ல் இதாகா துப்பாக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

அதே 1883-ல்தான் ஸ்மித்திடம் இருந்த அலெக்சாண்டர் டி. பிரவுன் சுழல் தாழுக்குக் காப்புரிமை பெற்றார். இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டை பின்புறம் நீண்டு, துப்பாக்கியை மூடும்போது உடலின் உச்சியிலுள்ள பள்ளத்தில் இறங்கும். அந்த நீட்சியில் ஒரு துளை உண்டு. துப்பாக்கியைத் திறக்க விரலால் தள்ளும் மேல் நெம்புகோல் திரும்பும்போது அதனுடன் சுழலும் தாழ், துளைக்குள் புகுந்து பிடிக்கும். தாழின் பிடிமுகம் சரிவாக வெட்டப்பட்டிருப்பதுதான் இதன் உயிர். உலோகம் சற்றுத் தேய்ந்தால், ஸ்பிரிங் தாழை இன்னும் கொஞ்சம் சுழற்றும். சரிவின் அடுத்த பகுதி வந்து இறுகும். பிடி கீலிலிருந்து எட்டி, மேலே இருப்பது இன்னொரு நன்மை: நெம்பு தூரம் கூடுவதால், அதே திறப்பு முயற்சியைத் தாழ் குறைந்த சுமையோடு தடுத்துவிடுகிறது.

எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் நெம்புகோலே காட்டும். புதிய துப்பாக்கியை மூடினால் அது நடுக்கோட்டுக்கு வலப்புறம் நிற்கும். உழைக்க உழைக்க நடுவுக்கு வரும். நடுவைத் தாண்டி இடப்புறம் போயிருந்தால் ஈடுகட்டும் இடம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஆட்டம் பார்க்க விரும்புவோர், தோட்டா இல்லை என்று உறுதிசெய்த பின் முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரத்தை, கழற்றிவிட்டுக் குலுக்க வேண்டும். முன்கட்டை மாட்டியிருந்தால் அதன் இறுக்கம் கீலின் தளர்ச்சியை மறைத்துவிடும்.

1886-ல் சுத்தியல் வெளியே தெரியாத மாதிரி வந்தது. 1880களின் முடிவில் ஸ்மித் தொழிலை ஃபுல்டன் ஊரின் ஹன்டர் சகோதரர்களிடம் விற்றுவிட்டுத் தட்டச்சுப் பொறிக்குப் போனார். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை கொண்ட ஸ்மித் பிரீமியர் பொறியை வடிவமைத்தவரும் இதே பிரவுன்தான். ஹன்டர் ஆலை எல்.சி. ஸ்மித் என்ற பெயரை விடவில்லை. 1945-ல் மார்லின் நிறுவனம் ஆலையை வாங்கிய பிறகும் அந்தப் பெயர் நீடித்தது.

இரும்பில் இவ்வளவு வலுவான துப்பாக்கி, மரத்தில் பலவீனமானது. பார்க்கர், ஃபாக்ஸ் என்ற மற்ற அமெரிக்க இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் சுடும் பொறி உடல் இரும்புக்குள் அடங்கும். ஸ்மித்தில் அது இருபக்கத் தகடுகளில் ஏறியிருப்பதால், அதற்கு இடம்விடத் தோளில் வைக்கும் பின்கட்டையை நிறையக் குடைந்தாக வேண்டும். சுடும்போதெல்லாம் தகட்டின் பின்முனை ஆப்புபோல மெல்லிய மரத்தை இடிக்கும். வருடக்கணக்கில் எண்ணெய் ஊறி மரம் மென்மையானால் தகட்டுக்குப் பின்னே நீளவாக்கில் வெடிப்பு ஓடும். பழுது பார்ப்பவர்கள் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, வெடிப்பை எபாக்சிப் பசையால் ஒட்டி, உடல் இரும்பு முழுதாகப் பதியும்படி படுக்கை அமைத்து, தகட்டின் பின்னே மயிரிழை இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அதே இடம் மறுபடி பிளக்கும்.

பழைய ஸ்மித்தைச் சுட நினைப்பவர்களுக்குத் தாழைவிடத் தோட்டா அறைதான் முக்கியம். பல பழைய அறைகள் இன்றைய 2¾ அங்குலத் தோட்டாவுக்குக் குட்டையானவை. அந்தத் தோட்டா உள்ளே நுழைந்துவிடும்; சுட்டதும் அதன் வாய் விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னே குறுகும் கூம்பில் நெருக்கிக்கொள்ள, அழுத்தம் ஏறும். இன்றைய 12 போர் (குழல் அகலத்தைக் குறிக்கும் அளவு) தோட்டாவுக்கு அமெரிக்க வரம்பே சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. இரும்பும் எஃகும் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் குழல்களோ கருமருந்துக் காலத்தின் குறைந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. அறையின் நீளத்தையும் குழற்சுவரின் தடிமனையும் துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் கருவி வைத்து அளக்கும்வரை எந்தத் தோட்டாவையும் போடக்கூடாது.