முன்பணம் மனிதரைக் கட்டிப்போடும் விதம்

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களில் நுவாகாய் அறுவடைப் பண்டிகை நெருங்கும்போது, ‘சர்தார்’ எனப்படும் தரகர்கள் முன்பணத்தோடு ஊருக்குள் வருகிறார்கள். மானாவாரி நிலத்தை நம்பிய, வங்கியில் கடன் பெற வழியில்லாத குடும்பத்துக்குக் கல்யாணச் செலவுக்கும் வைத்தியச் செலவுக்கும் மொத்தமாகக் கிடைக்கும் பணம் அது ஒன்றுதான். அதைப் பெரும்பாலும் கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்த ‘பத்துரியா’ என்ற அலகுக்கே தருகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் அக்குடும்பங்கள் தெலங்கானாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் செங்கல் அறுக்கப் புறப்படுகின்றன.

சூளை முதலாளி ஏன் முன்பணம் தருகிறார்? புகைபோக்கி வைத்த பெரிய சூளைகளில் தீ ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னும் சுடாத பச்சைக்கல் வரத்து நின்றால் தீ வீணாகும் என்பதால், பருவம் முழுவதும் ஆட்கள் விலகாமல் இருப்பது அவருக்கு முக்கியம்.

கணக்கு வேலை செய்யும் விதத்தை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். முன்பணம் 60,000 ரூபாய், ஆயிரம் கல்லுக்குக் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடும்பமே சேர்ந்து நாளுக்கு 1,200 கல் அறுத்தால், ஆறு நாளில் 3,600 ரூபாய் சேரும். அதில் 1,000 ரூபாயை வாரச் செலவுக்குக் கொடுத்து, மீதி 2,600 ரூபாயைக் கடனில் கழித்தால், 23 வாரத்தில் கடன் ஏறக்குறைய தீர்ந்துவிட வேண்டும். ஆனால் அந்த 23 வாரத்தில் இரண்டு வாரம் மழை பெய்து, ஒரு வாரம் காய்ச்சலிலும் போனால், கழிவது 52,000 ரூபாய்தான். அந்த மூன்று வாரச் செலவுக் காசு 3,000 ரூபாயும் மருந்துச் செலவு 4,000 ரூபாயும் கடனில் ஏறும். பருவ முடிவில் 15,000 ரூபாய் பாக்கி நிற்கும். மழையில் கரைந்த பச்சைக்கல்லுக்குக் கூலி கிடையாது. இயற்கை தரும் நட்டம் முழுவதும் இப்படித்தான் தொழிலாளியின் தலையில் விழுகிறது. கணக்கு நோட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் கணவனின் பெயர் மட்டும். நாளெல்லாம் மண் பிசைந்த மனைவிக்கும், காயும் கல்லைப் புரட்டிப்போட்ட பிள்ளைக்கும் அங்கே பெயரே இல்லை. நோட்டு முதலாளியிடம் இருக்கிறது, சொந்த ஊர் தொலைவில் இருக்கிறது, கணக்கு முடியாமல் ஊருக்குப் போக விடுவதில்லை. இவ்வளவும் சேர்ந்தபின் பூட்டு தேவைப்படுவதில்லை.

தாமே விரும்பி வந்தவர்கள்தானே என்ற வாதத்தை ஏற்க முடியாது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைப்பது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வறுமையின் நெருக்குதலும் ஒரு கட்டாயம்தான் என்பதை அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனையே செல்லாததாக்குகிறது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் கடன் கொடுத்தவர்மீதே வைக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் சுழற்சி அறுபடாததற்கு மறுவாழ்வு தாமதமாவது ஒரு பெரிய காரணம். மீட்கப்பட்டவருக்கு மத்திய அரசின் திட்டப்படி உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கிடைக்கும். ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரையிலான முழுத் தொகையோ வழக்கில் தண்டனை கிடைப்பதோடு இணைக்கப்பட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்போது, அதற்குள் வரும் அடுத்த நுவாகாய்க்குத் தரகர் கையில் வைத்திருக்கும் முன்பணம் அந்த உடனடி உதவியைவிடப் பெரிதாக இருந்துவிடுகிறது.