ஸ்மோக்ஃப்ரீ, வேப்ஃப்ரீ: தமிழில் என்ன எழுதலாம்?

பூங்கா, பேருந்து நிறுத்தம், விளையாட்டுத் திடல், பள்ளி வாசல் என்று ஆட்கள் கூடுகிற இடங்களில் ‘ஸ்மோக்ஃப்ரீ’ பலகை வைப்பது பழைய சங்கதி. இப்போது அதே பலகையில் ‘வேப்ஃப்ரீ’ என்று இன்னொரு சொல்லும் ஏறிவருகிறது, வேப் என்பது மின்-சிகரெட். ஒரு குடியிருப்போர் சங்கமோ இளைஞர் மன்றமோ இதைத் தமிழில் எழுத உட்காரும்போது முதல் சொல்லை ‘புகையற்ற’ என்று ஆக்கிவிட்டு, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே சரியில்லை.

முதலில் ஸ்மோக்ஃப்ரீ. இதில் வரும் ‘ஃப்ரீ’ இலவசமும் இல்லை, சுதந்திரமும் இல்லை. சுகர்ஃப்ரீ என்கிறோமே, அதுபோல ‘அது கலவாத’ என்று பொருள். ‘நோ ஸ்மோக்கிங்’ என்பது புகைப்பவரைப் பார்த்துப் போடும் கட்டளை. ஸ்மோக்ஃப்ரீ அப்படியில்லை, அது அந்த இடத்தின் காற்றைப் பற்றிப் பேசுகிறது, அதனால் அங்கே மூச்சுவிடுகிற எல்லோரும் அதற்குள் வந்துவிடுகிறார்கள். நியூசிலாந்தில் 1990இல் வந்த சட்டத்தின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அங்குள்ள மாவோரி மொழியில் இதை ‘அவுஆஹி கோரே’ என்கிறார்கள். அவுஆஹி என்றால் புகை, கோரே என்றால் இல்லாதது. அந்த நாட்டில் உள்ளாட்சி மன்றங்கள் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் இப்படி அறிவிக்கும்போது பெரும்பாலும் அபராதம் எதுவும் வைப்பதில்லை, பலகையையும் அக்கம்பக்கத்தாரின் ஒத்துழைப்பையும் நம்பித்தான் நடத்துகிறார்கள். அபராதம் இல்லாத இடத்தில் பலகையில் உள்ள சொல்தானே வேலை செய்தாக வேண்டும்?

இன்னொன்று, இந்தச் சொல்லுக்கு அரைகுறைப் பொருள் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 8ஆவது பிரிவுக்கு 2007இல் எழுதிய வழிகாட்டுதல், தனி அறை ஒதுக்குவதும் காற்றோட்டக் கருவி மாட்டுவதும் போதாது, கட்டடத்துக்குள் முழுக்கப் புகையே இருக்கக்கூடாது என்கிறது.

சரி, ‘புகையற்ற’ என்பதில் என்ன குறை? ஆங்கிலத்தில் ‘ஸ்மோக்லெஸ்’ வேறு, ‘ஸ்மோக்ஃப்ரீ’ வேறு. முதலாவது புகை வராத பொருள், இரண்டாவது புகை கலவாத இடம். தமிழில் புகையில்லா அடுப்பு, மெல்லுகிற வகைக்குப் புகையற்ற புகையிலை என்று முதல் பொருளிலேயே அந்தச் சொல் ஊறிவிட்டது. அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் மின்-சிகரெட்டின் முன்னோடியான ஒரு கருவிக்கு 1963இல் விண்ணப்பித்து 1965இல் வாங்கிய காப்புரிமையின் தலைப்பே ‘புகையில்லாத, புகையிலை அல்லாத சிகரெட்’ என்பதுதான். ஆக ‘புகையற்ற இடம்’ என்ற பலகைக்குக் கீழே நின்று வேப் இழுப்பவர், “என்னுடையதும் புகையற்றதுதானே” என்று கேட்டால் பலகையிடம் பதில் இல்லை. வேப்ஃப்ரீ என்ற இரண்டாவது சொல் தேவைப்பட்டதே இதனால்தான்.

வேப் என்பது லத்தீனில் நீராவியைக் குறிக்கும் ‘வாப்போர்’ என்ற சொல்லின் வழிவந்தது. 1983இல் ராப் ஸ்டெப்னி என்பவர் பிரிட்டன் இதழ் ஒன்றில், அப்போது இன்னும் புழக்கத்துக்கு வராத ஒரு கருவியைப் பற்றி எழுதுகையில் ‘வேப்பிங்’ என்று குறிப்பிட்டார். சீன மருந்தாளுநர் ஹான் லிக் இன்றைய மின்-சிகரெட்டை உருவாக்கியது 2003இல், அதாவது சொல் முந்திக்கொண்டது, பொருள் பிறகு வந்தது! 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் ‘வேப்’பை ஆண்டின் சொல்லாக அறிவித்தார்கள்.

ஆனால் இந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. கருவிக்குள் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நறுமணப் பொருள்கள், பெரும்பாலும் நிகோடினும் சேர்ந்த திரவம். சூடானதும் ஆவியாகி, உடனே குளிர்ந்து மிக நுண்ணிய துளிகளாகக் காற்றில் மிதக்கிறது. அறிவியலில் அதற்கு ஏரோசால் என்று பெயர். சிகரெட் புகையைவிட இதில் நச்சுப்பொருள்கள் குறைவு என்பது உண்மை, வெறும் நீராவி என்பது பொய். வெளியே விடும் மூச்சில் நிகோடினும் வரும், பக்கத்தில் நிற்பவருக்கும் போகும்.

அதனால்தான் வேப்புக்கு ‘ஆவி’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சளி பிடித்தால் போர்வையைப் போர்த்திக்கொண்டு ‘ஆவி பிடிக்கிற’ மொழியில், வேப்பிங்கை ‘ஆவி இழுத்தல்’ என்று எழுதினால் அது மருத்துவம் மாதிரி ஆகிவிடும், விற்பவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஒலிபெயர்ப்பும் உதவாது. ‘வேப் இல்லா வளாகம்’ என்று படிக்கிற பெரியவர் வேப்பமரத்தை வெட்டிவிட்டார்களோ என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

என் தேர்வு ‘மின்புகை’. எதுவும் எரியாதபோது புகை ஏது என்று வேதியியல் படித்தவர்கள் மறுக்கலாம். நிலக்கரி போய் எத்தனையோ காலம் ஆகியும் புகைவண்டி என்றுதான் சொல்கிறோம், ஒன்றும் குழம்பவில்லை. பார்ப்பவர் கண்ணுக்கு அது புகைதான்.

அப்புறம் அந்த ‘ஃப்ரீ’. மதுவிலக்கு போலப் ‘புகைவிலக்கு’ என்று ஆக்கலாம், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் வரிவிலக்கு என்றால் வரி கட்டவேண்டாம் என்று பொருள். அதே கணக்கில் புகைவிலக்கு பெற்ற இடம் என்பதைப் புகைக்கச் சலுகை உள்ள இடம் என்று யாராவது வாசித்துவிடலாம். வினையாக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்கிறது: ‘புகையும் மின்புகையும் விலக்கிய இடம்’. யாரோ விலக்கியிருக்கிறார்கள், அந்தத் தெருக்காரர்களே முடிவெடுத்திருக்கிறார்கள் என்பதும் அந்த ‘விலக்கிய’வில் தெரிகிறது. பூங்கா, திடல், வளாகம், எதனோடும் சேரும். பலகையில் மட்டும் மின்புகைக்குப் பக்கத்தில் ஒரு வேப் படத்தைப் போட்டுவிடுங்கள், இளைஞர்களுக்கு அந்தப் பொருள் இன்னும் வேப் என்றுதான் தெரியும்.