கம்ப்ரஸர்: அமுக்கியா, மட்டுப்படுத்தியா?

ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘வாய்ஸுக்கு ஒரு கம்ப்ரஸர் போடுங்க’ என்றால் எல்லோருக்கும் புரியும். வெளியே வந்தால் அதே சொல் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தையோ, பஞ்சர் கடையில் காற்றடிக்கும் எந்திரத்தையோ குறிக்கும். கணினித் துறையில் ‘கம்ப்ரஸ்’ என்றால் கோப்பைச் சிறிதாக்குவது. எல்லாம் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவைதான். ‘காம்’ என்றால் ஒன்றுசேர, ‘ப்ரெமெரே’ என்றால் அழுத்து.

ஒலியில் அழுத்தப்படுவது எது? மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே உள்ள இடைவெளி. பாடகர் ஒரு வரியை முணுமுணுப்பாகப் பாடுவார், அடுத்த வரியில் முழுக்குரலையும் திறப்பார். நாம் குறித்துவைத்த எல்லையைத் தாண்டும் ஒலியை மட்டும் கருவி இறக்கும். விகிதம் 4:1 என்றால், எல்லைக்கு மேல் 8 டெசிபெல் (ஒலியளவின் அலகு) ஏறி வருவது 2 டெசிபெல் மட்டுமே ஏறி வெளியேறும். எம்பி3 கோப்பில் நடக்கும் சுருக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அங்கே குறைவது தரவு, இங்கே குறைவது ஏற்ற இறக்கம்.

இதன் உடன்பிறப்பு லிமிட்டர். விகிதம் மிக அதிகம், குறித்த அளவுக்கு மேல் ஒலியை ஏறவே விடாது. லத்தீனில் ‘லீமெஸ்’ என்பது நிலங்களைப் பிரிக்கும் எல்லைப் பாதை. தமிழின் ‘வரம்பு’ம் வயல் வரப்பாக இருந்து எல்லை என்ற பொருளுக்கு விரிந்த சொல்தானே! எனவே லிமிட்டரை ‘வரம்புகட்டி’ என்றழைக்க எனக்குத் தயக்கமே இல்லை. வடிகட்டி போல வாயில் எளிதாக வருகிறது. வானொலி நிலையங்களுக்குத்தான் இது முதலில் தேவைப்பட்டது. ஒலி எல்லை மீறினால் ஒலிபரப்பு சிதறும், பக்கத்து அலைவரிசையிலும் இரைச்சல் ஏறும். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 110ஏ என்ற கருவி 1937-இல் வந்தது அதற்காகத்தான்.

கம்ப்ரஸருக்குத் தமிழில் என்ன? ‘அமுக்கி’, ‘அழுத்தி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் காற்றழுத்தியோடு குழம்பும். அதைவிட, புதிதாகக் கற்பவரின் கையைத் தவறான பக்கம் தள்ளும். அமுக்குவதுதான் வேலை என்று நினைத்துவிட்டால், பாட்டின் உயிர் போகும்வரை திருகிக்கொண்டே இருப்பார். என் தேர்வு ‘ஒலி மட்டுப்படுத்தி’. ‘வேகத்தை மட்டுப்படுத்து’ என்று அன்றாடம் சொல்கிறோம், ‘மட்டில்லா மகிழ்ச்சி’ என்கிறோம். அளவு, எல்லை, சமன் எல்லாம் ‘மட்டு’, ‘மட்டம்’ என்ற உறவுச் சொற்களுக்குள் இருக்கின்றன. கலிபோர்னியாவின் பசடீனாவில் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஜிம் லாரன்ஸ் 1960-களில் வெளியிட்ட எல்ஏ-2ஏ என்ற புகழ்பெற்ற கருவிக்கு என்ன பெயர் வைத்தார் பாருங்கள்: ‘லெவலிங் ஆம்ப்ளிஃபையர்’. ஒலியை மட்டமாக்கும் பெருக்கி!

அப்புறம் ‘ட்யூப் கம்ப்ரஸர்’ என்பதில் வரும் ‘ட்யூப்’, சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய். இதற்கு வெற்றிடக் குழாய் என்ற நல்ல தமிழ்ச் சொல் பாடநூல்களிலேயே உண்டு. நம் வீடுகளில் அது ‘வால்வு ரேடியோ’வாக நுழைந்தது, ஏனெனில் பிரிட்டனில் அதன் பெயர் வால்வு. 1904-இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் உருவாக்கிய குழாய் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விட்டது, அதனால் அந்தப் பெயர். அமெரிக்கர்கள் உருவத்தைப் பார்த்து ட்யூப் என்றார்கள்.

‘ட்யூப் கம்ப்ரஸர்’ என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட கருவிகள் ஒளிந்திருக்கின்றன. விற்பனைக் குறிப்புகள் இதைத் தெளிவாகச் சொல்வதே இல்லை. முதல் வகையில் மட்டுப்படுத்துவதே குழாய்தான். 1950-களின் இறுதியில் ரெய்ன் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்டு 670 அப்படிப்பட்டது. 20 குழாய்கள், 11 மின்மாற்றிகள், எடை சுமார் 30 கிலோ. உள்ளே வரும் ஒலி உயர உயர, குழாயின் கிரிடுக்கு, அதாவது உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு, போகும் மின்னழுத்தம் மாறி அதன் பெருக்கத் திறன் குறையும். பெருக்கத் திறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்து ‘மியூ’. அதனால்தான் இவ்வகையை ‘வேரியபிள் மியூ’ என்கிறார்கள். ‘மாறுபெருக்க வகை’ என்றால் போதும்.

எல்ஏ-2ஏ இரண்டாம் வகை. அதில் குழாய்கள் பெருக்க மட்டுமே செய்யும், மட்டுப்படுத்துவது ஒளி. ஒலி ஏறினால் உள்ளே ஒரு சிறு ஒளித்தகடு பிரகாசமாகும். எதிரே உள்ள ஒளி உணர் மின்தடையின் தடை குறைந்து, சமிக்ஞையின் ஒரு பகுதி தரை இணைப்பு வழியே விலகிப் போய்விடும். ஒளி மங்கிய பிறகும் அந்த மின்தடை உடனே பழைய நிலைக்குத் திரும்பாது. ஒலிக் குறைப்பில் பாதி விடுபட ஏறத்தாழ 60 மில்லி விநாடி, மீதி விடுபட சில விநாடிகள்கூட ஆகலாம். குரலுக்கு அது இதமாக இருப்பதன் ரகசியம் இந்த நிதானம்தான். ஒலி எல்லை மீறியதும் கருவி அதைக் குறைக்க எடுக்கும் நேரமான அட்டாக்கைப் ‘பிடிநேரம்’ என்றும், குறைப்பை விலக்க எடுக்கும் நேரமான ரிலீஸை ‘விடுநேரம்’ என்றும் சொல்லலாம். எல்ஏ-2ஏ-யில் இரண்டுக்கும் குமிழ் கிடையாது.

இருக்கும் பெரிய குமிழ்கள் இரண்டுதான்: எவ்வளவு மட்டுப்படுத்துவது என்பதற்கு உச்சக் குறைப்பு, வெளியேறும் ஒலியை உயர்த்தப் பெருக்கம். மைக்கை நேரடியாகச் செருகக் கூடாது, மைக்கின் மெல்லிய சமிக்ஞையை உயர்த்தும் முன்பெருக்கி வழியாக வர வேண்டும். இயக்கியதும் கால் மணி நேரமாவது சூடாக விடுங்கள். சூடு வெளியேற, கருவிகளை அடுக்கும் ரேக்கில் மேலே இடம் விடுங்கள். மீட்டரைக் குறைப்பு காட்டும் நிலையில் வைத்தால், ஒலி இல்லாதபோது முள் பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். விலகியிருந்தால் திருத்த ஒரு சிறு திருகு உண்டு. ‘கம்ப்ரஸ்’, ‘லிமிட்’ என இரு நிலைகள் உள்ள சுவிட்ச், குரலுக்குக் ‘கம்ப்ரஸ்’ பக்கமே இருக்கட்டும். பாடகர் உரக்கப் பாடும் இடத்தில் முள் 3 முதல் 5 டெசிபெல் இறங்கும்வரை உச்சக் குறைப்பைத் திருப்புங்கள், சரி, அங்கேயே நிறுத்துங்கள். மெல்லிய வரிகளிலும் முள் கீழேயே கிடந்தால் அளவு மீறிவிட்டது.

கடைசியாகப் பெருக்கத்தை ஏற்றி, கருவி இல்லாதபோது கேட்ட அதே சத்தத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். சற்றே உரத்துக் கேட்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும், அந்த மயக்கத்தில்தான் பலர் தேவைக்கு அதிகமாக மட்டுப்படுத்துகிறார்கள். குழாய் மாற்றும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.