அறை வாங்கிக்கொண்ட குரல்

ஒருவர் தன் வீட்டு அறையில் உட்கார்ந்து பேசுகிறார். லேசாகத் திக்குகிறது. ‘ரிதம்’ என்ற சொல்லில் நன்றாகவே மாட்டிக்கொள்கிறார். பேச்சை டேப்பில் பிடித்து, அதே அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கேட்பதை இன்னொரு டேப்பில் பிடிக்கிறார். அப்புறம் அந்த டேப்பை ஓடவிட்டு மறுபடி பிடிக்கிறார்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் உருவாக்கிய ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ என்ற இசைப் படைப்பு இவ்வளவுதான். சிந்தசைசர் கிடையாது. 1980-இல் எடுத்த பதிவில் இப்படி 32 சுற்று, சுமார் 45 நிமிடம்.

முதல் சில சுற்றுகள் சலிப்புதான், மறைக்க வேண்டியதில்லை. குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இருக்கும். பிறகு சொற்கள் கரைய ஆரம்பிக்கும். ‘ட’, ‘க’, ‘ஸ’ போன்ற ஒலிகள் நொடியில் முடிந்துவிடுபவை. எதிரொலி அவற்றை மூடிவிடுகிறது. உயிரெழுத்துகளின் இழுவை மட்டும் மிஞ்சும். கடைசியில் பேச்சே இல்லை, கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்ப்பதுபோல் நீண்ட சுரங்கள். யாரும் வாசிக்காத சுரங்கள்!

அவை அறையுடையவை. குளியலறையில் முனகிக்கொண்டே சுருதியை மெல்ல ஏற்றிப் பாருங்கள். ஏதோ ஓரிடத்தில் சுவர்களும் சேர்ந்து பாடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் அரை அலை சரியாகப் பொருந்தும்போது அது நடக்கிறது. 4 மீட்டர் இடைவெளி என்றால், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்பதால், சுமார் 43 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 86, 129 ஹெர்ட்ஸிலும் அறை அதிரும். ஆண் குரல் புழங்கும் பகுதி அது. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் இப்படித் தனித்தனி வரிசைகள் உண்டு.

ஒரே சுற்றில் இந்தச் சலுகை காதுக்குத் தெரியாது. ஒரு சுரத்துக்கு அறை 1 டெசிபல் மட்டும் கூடுதலாகக் கொடுக்கிறது என்று வையுங்கள். கூட்டுவட்டி மாதிரி அது ஏறும்: 32 சுற்றில் 32 டெசிபல், அதாவது அலையின் வீச்சு பக்கத்துச் சுரத்தைவிட சுமார் 40 மடங்கு. கல்யாண மண்டபத்தில் மைக் திடீரென்று கீச்சிடுவதும் இதே கணக்குதான். அங்கே நொடிக்குள் முடிவது இங்கே முக்கால் மணி நேரம் நிதானமாக நடக்கிறது.

இதை ஹெட்போனில் கேட்டால் லூசியரின் அறை மட்டும்தான் கிடைக்கும். ஸ்பீக்கரில் போட்டால் உங்கள் அறையும் ஒரு சுற்று சேர்க்கும், 33-ஆவதாக. நான் அப்படிக் கேட்டபோது ஒரு சுரத்துக்கு மட்டும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் தட்டு கிணுகிணுத்தது. நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டடி நகர்ந்தேன். அந்தச் சுரம் பாதியாக அமுங்கி, இன்னொன்று மேலே வந்தது. திரும்பி உட்கார்ந்தேன், பழையதே வந்தது.